செம்புள்ளி நிற்க வேண்டும்

"மாப்பிள்ளை, நீ ஒளியியல் படிப்பவன்தானே? என் கைத்துப்பாக்கிக்குக் குறைந்த விலையில் ஒரு மின்குறிநோக்கி தேர்ந்தெடுத்துக் கொடு."

அமெரிக்காவில் குடியேறி, அந்நாட்டுக் குடிமகனாகவும் ஆகிவிட்ட என் அத்தான், ஒருநாள் தொலைபேசியில் இவ்வாறு கேட்டார். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் அவரை வேட்டைக்குப் பழக்கியிருந்தார். இலையுதிர் காலத்தில், சட்டம் அனுமதிக்கும் நாட்களில், செம்மஞ்சள் மேலாடை அணிந்து காட்டுக்குள் சென்று சாம்பல் அணில்களைச் சுட்டு வருவது அப்பகுதி மக்களின் நெடுநாள் வழக்கம். இறைச்சியைக் குழம்பாக்கி உண்பர்.

அணிலைச் சுடுவதா என்று நண்பர்கள் முகம் சுளிக்கலாம். அணிற்பிள்ளை என்று பிள்ளையோடு சேர்த்துப் பெயரிட்டவர்கள் அல்லவா நாம்! எனக்கும் முதலில் மனம் ஒப்பவில்லை. ஆனால் அந்நாட்டுச் சாம்பல் அணில் முதுகில் கோடில்லாதது. அரைக் கிலோ அளவு எடையுள்ளது. அங்கே அது முயலைப் போல் உணவுக்குரிய சிறு வேட்டைப் பிராணி. ஊருக்கு ஊர் வழக்கம் வேறு என்று தேற்றிக்கொண்டு, கேட்ட கேள்விக்கு விடை தேடினேன். தேடிய விடை தவறாயிற்று. அந்தத் தவற்றிலிருந்து நான் கற்ற பாடமே இக்கட்டுரை.

இரும்புக் குறியின் இடர்ப்பாடு

அத்தானிடம் இருப்பது ரூகர் நிறுவனத்தின் .22 ரகக் கைத்துப்பாக்கி. 1949-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் வெளியிட்ட முதல் துப்பாக்கியின் வழிவந்தது. அதன் ரவை இரண்டரை கிராமுக்குச் சற்றே மிகுந்த எடையுள்ளது. வினாடிக்கு முந்நூறு மீட்டர் அளவு வேகத்தில் செல்வது. பின்னுதைப்பு மிகக் குறைவு.

பெரும்பாலான கைத்துப்பாக்கிகளுக்குப் பிறவிக் குறி இரண்டு உண்டு. பின்னால் ஒரு பிளவு, முன்னால் ஒரு முனை. பிளவின் நடுவே முனையை நிறுத்தி, அதன்மேல் இலக்கை வைக்க வேண்டும். பிளவு, முனை, இலக்கு ஆகிய மூன்றும் மூன்று தொலைவுகளில் உள்ளன. நம் கண்ணோ ஒரு நேரத்தில் ஒரு தொலைவைத்தான் தெளிவாகக் காணும். முனையைத் தெளிவாகப் பார்த்தால் அணில் மங்குகிறது. அணிலைப் பார்த்தால் முனை மங்குகிறது. நாற்பது வயதைக் கடந்த கண்ணுக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பாகும்.

இதைக் கணக்கிலும் காணலாம். பிளவுக்கும் முனைக்கும் இடைவெளி 150 மில்லிமீட்டர் என்று கொள்வோம். முனை அரை மில்லிமீட்டர் விலகி நின்றால், 25 கஜத்தில், அதாவது ஏறத்தாழ 23 மீட்டரில், ரவை 76 மில்லிமீட்டர் விலகிச் செல்லும். அணிலின் தலையோ ஓர் எலுமிச்சம்பழ அளவு. உடனே உயிர் போகும்படி சுட வேண்டுமானால் நாலு சென்டிமீட்டருக்குள் ரவை சென்று சேர வேண்டும். அரை மில்லிமீட்டர் பிழை அதைப் போல இருமடங்கு விலக்கிவிடுகிறது!

டப்ளின் நகரத்து யோசனை

இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்க வழி கண்டவர் அயர்லாந்து நாட்டு டப்ளின் நகரில் தொலைநோக்கிகள் செய்துவந்த ஹோவர்டு கிரப் என்பார். ஆண்டு 1900. அவர் பெயர் நமக்கு அயலானது அன்று. புனாவில் இருந்த தக்தசிங்ஜி வானாய்வுக் கூடத்துக்கு அவருடைய பட்டறை செய்து கொடுத்த 20 அங்குலத் தொலைநோக்கி 1912-இல் நம் கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தது. நாம் பயிலும் இந்த ஐதராபாத்தின் நிஜாமியா வான்காட்சிக் கூடத்துக்கு வந்த 15 அங்குலத் தொலைநோக்கியும் அவர் பட்டறையில் உருவானதே.

கிரப் கூறிய தத்துவம் நம் பள்ளிப் பாடந்தான். குழியாடியின் குவியத்தில் ஒளிப்புள்ளி ஒன்றை வைத்தால், அதன் கதிர்கள் ஆடியில் பட்டு இணைகதிர்களாகத் திரும்பும். இணைகதிர்கள் கண்ணில் புகுந்தால், அப்புள்ளி முடிவிலாத் தொலைவில் நிற்பது போல் தோன்றும். அந்த ஆடியை ஊடுருவிப் பார்க்கக்கூடிய கண்ணாடியாகவும் செய்துவிட்டால்? இலக்கும் தெரியும், புள்ளியும் தெரியும். இரண்டும் தொலைவில் இருப்பதால் கண் ஒரே நேரத்தில் இரண்டையும் தெளிவாகக் காணும். பிளவும் வேண்டா, முனையும் வேண்டா. கண்ணைச் சற்று நகர்த்தினாலும் புள்ளி இலக்கை விட்டு அகலாது.

முதல் உலகப் போரின் இறுதியில், 1918-இல், செருமானியப் போர் விமானங்கள் சிலவற்றில் இக்கருவி ஏறியது. கைக்கு அடக்கமாக வருவதற்குத் தடையாயிருந்தது விளக்கு. 1962-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்டிரிக் நிறுவனத்தில் நிக் ஹோலோனியாக் என்பார் சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி. விளக்கைச் செய்து காட்டினார். கடுகிலும் சிறிய விளக்கு, துளியளவு மின்சாரம். 1975-இல் சுவீடன் நாட்டு எயிம்பாயிண்ட் நிறுவனம் அவ்விளக்கை வைத்து முதல் மின்குறிநோக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று உலகெங்கும் 'ரெட் டாட்' என வழங்குவது இக்கருவியே. நாம் செம்புள்ளி என்போம்.

கண்ணாடியின் மேல் பூசிய மெல்லிய படலம் சிவப்பு ஒளியை மட்டும் திருப்பிவிட்டு மற்ற நிறங்களை உள்ளே விடும். அதனால் இதன் வழியே பார்த்தால் உலகம் சற்றே நீலம் பூத்துத் தோன்றும். இதில் உருப்பெருக்கம் இல்லை. தொலைநோக்கி அன்று இது.

நான் செய்த தவறு

தத்துவம் தெரிந்துவிட்டது என்ற துணிவில் விளம்பரங்களைப் புரட்டினேன். முப்பது டாலர் முதல் அறுநூறு டாலர் வரை விலை விரிந்து கிடந்தது. முப்பத்தைந்து டாலருக்கு ஒன்று கண்ணில் பட்டது. சிவப்பு, பச்சை என இரு நிறங்கள். புள்ளி, வட்டம், சிலுவை என நான்கு உருவங்கள். அகன்ற கண்ணாடி. 'தத்துவம் ஒன்றே, பின் ஏன் நூறு டாலர் கொடுக்க வேண்டும்?' என்று அத்தானுக்கு எழுதினேன். அவரும் என் படிப்பை நம்பி வாங்கினார்.

குறிபயில் களத்தில் முதல் இருபது ரவைகள் நன்றாகவே பாய்ந்தன. அடுத்த வாரம் எல்லாம் இடப்பக்கம் ஒதுங்கின. தம் கைதான் தவறியது என்று அவர் எண்ணினார். மீண்டும் திருகிச் சரிசெய்துகொண்டு காட்டுக்குப் போனார். ஓக் மரத்தின் அடிமரத்தில் ஓர் அணில் அசையாமல் ஒட்டியிருந்தது. புள்ளி அதன் தலைமேல் நின்றது. சுட்டார். ரவை பின்தொடையில் பட்டது. அணில் காலை இழுத்துக்கொண்டு மரப்பொந்துக்குள் நுழைந்துவிட்டது. இருட்டும் வரை அவர் மரத்தடியில் காத்திருந்தார். அது வெளியே வரவில்லை.

அன்றிரவு அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "உன் கணக்கெல்லாம் சரிதான் மாப்பிள்ளை. புள்ளி மட்டும் வைத்த இடத்தில் நிற்கவில்லை" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அந்த ஒரு வாக்கியத்தில் பாடம் முழுதும் அடங்கிவிட்டது. கண்ணுக்குப் புள்ளி தெளிவாகத் தெரிவது ஒன்று. ரவை போகும் திசையோடு அது மாறாமல் பிணைந்து நிற்பது வேறொன்று. முன்னதை எந்த மலிவுக் கருவியும் தரும். நாம் காசு கொடுப்பது பின்னதற்கே. இரும்புக் குறி உலோகத்தோடு உலோகமாய் நிற்பது. செம்புள்ளியோ திருகும் சுருளும் தாங்கிப் பிடிக்கும் ஒளி. தாங்குவது தளர்ந்தால் ஒளி பொய் சொல்லும். அதையும் பளிச்சென்று சொல்லும்!

தேர்ந்தெடுக்கும் முறை

பிறகு இருவரும் சேர்ந்து, தவணை முறையில் கற்றோம். கற்றதை வரிசைப்படுத்திக் கூறுகிறேன்.

முதலாவது, நிலைத்து நிற்றல். புதிய கருவியைப் பொருத்தியதும் மணல்மூட்டையின் மேல் கையை ஊன்றி ஐந்து ரவை சுட வேண்டும். பிறகு திருகை வலப்பக்கம் எட்டுச் சொடுக்குத் திருப்பி ஐந்து. மேலே எட்டு, ஐந்து. இடப்பக்கம் எட்டு, ஐந்து. கீழே எட்டு, ஐந்து. தாளில் ஒரு சதுரம் வரைந்தது போல் துளைகள் விழ வேண்டும். கடைசி ஐந்தும் முதல் ஐந்தின் மேலேயே விழ வேண்டும். இருபத்தைந்து ரவைகளின் செலவு சிறிதே. முதல் கருவிக்கு இச்சோதனையைச் செய்திருந்தால் அந்த அணில் தப்பியிருக்கும், அல்லது வேதனையின்றி இறந்திருக்கும். அடுத்த வாரமும் திருகைத் தொடாமல் சுட்டுப் பார்த்து, இடம் மாறவில்லை என்று கண்ட பின்னரே காட்டுக்குப் போகலாம்.

இரண்டாவது, பிடிப்பு. கருவி குற்றமற்றதாயினும் அதைத் துப்பாக்கியோடு பிணைக்கும் பற்று தளர்ந்தால் பயனில்லை. 1995-இல் அமெரிக்கப் படை வகுத்த பிக்காட்டினி என்னும் அளவுப்படி குறுக்குப் பள்ளங்கள் வெட்டிய பற்றுத்தடம் ஒரு வகை. அதற்கு முற்பட்ட வீவர் தடம் மற்றொரு வகை. சிறு துப்பாக்கிகளில் எட்டில் மூன்று பங்கு அங்குலம், அதாவது ஏறத்தாழ ஒன்பதரை மில்லிமீட்டர் அளவுள்ள மென்பள்ளமும் உண்டு. ஒன்றுக்குச் செய்த பற்று மற்றொன்றில் ஏறக்குறையப் பொருந்தும். அந்த 'ஏறக்குறைய'தான் ஆபத்து. துப்பாக்கிக்குரிய தடம் எது என்று அறிந்து, அதற்கென்றே செய்த பற்றை வாங்கி, திருகுக்கு ஒரு துளி திருகுப்பசை இட்டு முடுக்க வேண்டும்.

ஓர் ஆறுதலும் இங்கே உண்டு. அத்தானின் துப்பாக்கியில் சுடும்போது அசைவது உள்ளே இருக்கும் உருளை மட்டுமே. குறிநோக்கி ஏறியிருக்கும் மேற்பகுதி அசைவதில்லை. பெரிய ரகக் கைத்துப்பாக்கிகள் பலவற்றில் மேற்பகுதியே ஒவ்வொரு முறையும் பின்னால் பாய்ந்து முன்னால் மோதும். அந்த மோதலைத் தாங்கவே விலையுயர்ந்த கருவி வேண்டியிருக்கிறது. நம் .22-க்கு அவ்வளவு வேண்டா. நடுத்தர விலையே போதும் என்பதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது, புள்ளியின் அளவு. இதைக் கோண நிமிடத்தால் அளப்பர். பாகையில் அறுபதில் ஒரு பங்கு அது. நூறு கஜத்தில் ஒரு கோண நிமிடம் ஏறத்தாழ ஓர் அங்குலம். 25 கஜத்தில் கால் அங்குலம். ஆகவே ஆறு நிமிடப் புள்ளி 25 கஜத்தில் நாலு சென்டிமீட்டரை மறைக்கும். அணிலின் தலை முழுதும் புள்ளிக்குள் மறைந்துபோகும்! மூன்று நிமிடப் புள்ளி இரண்டு சென்டிமீட்டரை மறைக்கும். சிறு வேட்டைக்கு இரண்டு முதல் நான்கு நிமிடம் வரை ஏற்றது. ஒளியைக் குறைக்க எத்தனை படிகள் உள்ளன என்பதையும் பார்க்க வேண்டும். விடியற்காலை மங்கலில் ஒளி மிகுந்தால் இரண்டு நிமிடப் புள்ளியும் பூசணிப்பூப் போல் விரிந்துவிடும்.

நான்காவது, இடமாறு தோற்றப்பிழை. துப்பாக்கியை அசையாமல் வைத்து, தலையை மட்டும் மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்திப் பாருங்கள். நல்ல கருவியில் புள்ளி இலக்கின் மேலேயே தங்கும். கதிர்கள் உண்மையிலேயே இணையானவை என்றால், கண் எங்கே இருந்தாலும் பிழை கண்ணாடியின் விட்டத்தில் பாதிக்கு மேல் போகாது. 25 மில்லிமீட்டர் கண்ணாடிக்குப் பிழை பன்னிரண்டரை மில்லிமீட்டருக்குள் அடங்கும். மலிவான ஆடியில் கதிர்கள் இணையாக இரா. விளிம்புக்குப் போகப் போகப் புள்ளி ஓடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. புள்ளி வால்நட்சத்திரம் போலவோ கொத்தாகவோ தோன்றினால் உடனே கடைக்காரரைப் பழிக்க வேண்டா. கைப்பேசியால் அதன் வழியே படம் எடுத்துப் பாருங்கள். படத்தில் வட்டமாக இருந்தால் குறை கருவியில் இல்லை, கண்ணில் இருக்கிறது. அஸ்டிக்மாட்டிசம் என்று கண் மருத்துவர் கூறும் குறை அது. மூக்குக்கண்ணாடி தேவை.

ஐந்தாவது, மின்கலம். பெரும்பாலான கருவிகளில் இருப்பது சி.ஆர். 2032 என்னும் பொத்தான் கலம். 20 மில்லிமீட்டர் விட்டம், மூன்று வோல்ட்டு. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 225 மில்லி ஆம்பியர் மணி. விளக்கு பத்தில் ஒரு மில்லி ஆம்பியர் குடித்தால் 2250 மணி நேரம், அதாவது மூன்று மாதம் வரும். ஐந்து மில்லி ஆம்பியர் குடித்தால் 45 மணி நேரம். அணைக்க மறந்து சனிக்கிழமை பெட்டியில் வைத்தால் திங்கட்கிழமை வெறுங்கலம்! தானே அணைந்து, அசைத்தால் விழிக்கும் அமைப்பு இருந்தால் நல்லது. கலத்தை மாற்றக் கருவியையே கழற்ற வேண்டியிருந்தால், அதை வாங்காதீர்கள். கழற்றினால் குறியை மறுபடி சரிசெய்ய வேண்டிவரும்.

ஆறாவது, மழை. திறந்த வகையில் விளக்கின் மேல் ஒரு நீர்த்துளி விழுந்தால் புள்ளி சிதறும். குழாய் வகையில் விளக்கு உள்ளே அடங்கியிருக்கும். எடை சற்று மிகுதி. மரத்தடியில் நடப்பவருக்குக் குழாய் வகையே ஏற்றது என்று முடிவு செய்தோம்.

நிறம் மாறுதல், பல உருவங்கள், சூரியத் தகடு ஆகியவற்றை விலைப்பட்டியலில் கண்டால் மகிழ வேண்டா. முப்பத்தைந்து டாலர் கருவியில் நான்கு உருவங்களுக்குச் செலவிட்ட காசு நல்ல திருகுக்குப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டாம் முறை நூறு டாலரைச் சற்றே கடந்து, ஒரே உருவமுள்ள மூன்று நிமிடக் குழாய் வகையை வாங்கினோம். சதுரச் சோதனையில் அது தேறியது.

புள்ளி செய்யாதவை

குறிநோக்கி துப்பாக்கிக் குழலுக்கு நாலு சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. 25 கஜத்தில் இரண்டும் சந்திக்கும்படி சரிசெய்தால், பத்து கஜத்தில் ரவை புள்ளிக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் கீழே செல்லும். அருகில் இருக்கும் அணில் எளிது என்று எண்ணுபவர் தவறுவது இதனால்தான். எந்தக் கருவியும் இதைத் தானாகத் திருத்தாது. சுடுபவர் மனத்தில் இருத்த வேண்டும்.

கை நடுக்கத்தையும் புள்ளி போக்காது. அதைக் காட்டிக் கொடுக்கும். இரும்புக் குறியில் தெரியாத நடுக்கம் புள்ளியின் ஆட்டமாகத் தெரியும். புதியவர் அது நடுவே வரும் கணத்தைப் பிடிக்க எண்ணி விசையை வெடுக்கென்று இழுப்பார். ரவை தாழ்ந்து போகும். சிறு ஆட்டத்தைப் பொறுத்துக்கொண்டு மெல்ல அழுத்துவதே முறை.

எல்லாவற்றுக்கும் மேலாக, புள்ளி இலக்கைக் காட்டுமேயன்றி இலக்குக்குப் பின்னால் இருப்பதைக் காட்டாது. இந்தச் சிறு ரவை தடையின்றிப் போனால் ஒரு மைலுக்கும் அப்பால் செல்லும். அணில் கிளை நுனியில், வானத்தைப் பின்புலமாகக் கொண்டு உட்கார்ந்திருந்தால் அத்தான் சுடுவதில்லை. பின்னால் பருத்த அடிமரம் இருந்தால் மட்டுமே சுடுவார்.

நமக்கு இதனால் என்ன?

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-இல் வந்த திருத்தமும் வேட்டைப் பொழுதுபோக்குக்கு இடம் வைக்கவில்லை. அது நன்மையே. ஒலிம்பிக்கில் 25 மீட்டர் கைத்துப்பாக்கிப் போட்டியிலும் இரும்புக் குறிதான். 2012-இல் இலண்டனில் விஜயகுமார் வெள்ளிப் பதக்கம் வென்றதும் அதை வைத்தே. ஆயினும் செம்புள்ளியை நீங்கள் கையால் தொட்டுப் பார்க்கலாம். நம் விடுதி மொட்டை மாடியில் வானியல் நண்பர்கள் வைத்திருக்கும் சிறு தொலைநோக்கியின் முதுகில் ஒரு பிளாஸ்டிக் கருவி ஒட்டியிருக்கிறதே, வியாழனைத் தேட அதில் தெரியும் சிவப்புப் புள்ளி இதே கிரப் தத்துவந்தான். தலையை நகர்த்திப் பாருங்கள். புள்ளி விண்மீனை விட்டு அகலாது. திருகைத் தளர்த்திவிட்டுப் பாருங்கள். அப்போதும் புள்ளி பளிச்சென்றுதான் தெரியும். ஆனால் தொலைநோக்கியில் வெற்று வானம் இருக்கும். அங்கே இழப்பது ஓர் இரவு. அத்தானின் காட்டில் இழப்பு ஓர் உயிரின் வேதனை.

அடுத்த இலையுதிர் காலமும் வந்தது. ஒவ்வொரு முறையும் காட்டுக்குப் புறப்படுமுன் அத்தான் களத்தில் மூன்று ரவை சுட்டுப் பார்க்கிறார். மூன்றும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கினால் போவார். இல்லையேல் திருகாணியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "இன்று புள்ளி நிற்கவில்லை, திரும்பிவிட்டேன்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தகவல் அனுப்பியிருந்தார். அன்று அவர் வீட்டில் பருப்புக் குழம்புதான் என்று அக்காள் சொன்னாள்.